அறுநூறு டாலர் ஜெட்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயில் பாதையில் 37 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் ரயில் என்றால் அரை மணி நேரம். பஸ் என்றால் முக்கால் மணி. டிரைவருக்கு டீ குடிக்கத் தோன்றிவிட்டால் இன்னும் கொஞ்சம். இதே தூரத்தை ஒரு கார் 108 விநாடியில் கடக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? விக்கிரவாண்டி எப்போது போனது என்றே தெரியாது. மயிலம் முருகனுக்கு ஒரு கும்பிடு போடக் கையைத் தூக்கினால், கையை இறக்குவதற்குள் திண்டிவனம் வந்துவிடும்.

அப்படி ஒரு கார் நிஜமாகவே இருக்கிறது. பெயர் த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி. 1997 அக்டோபர் 15-ம் தேதி, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் என்ற பாலைவனத்தில், ஆண்டி கிரீன் என்கிற பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி அதை ஓட்டினார். மணிக்கு 1,228 கிலோமீட்டர். தரையில் ஓடி ஒலியின் வேகத்தைத் தாண்டிய முதல் வண்டி அதுதான். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. உள்ளே இருந்தவை கார் இன்ஜின்கள் அல்ல. பாண்டம் போர் விமானத்தில் இருக்கும் ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் இன்ஜின்கள். ஒன்றல்ல, இரண்டு.

ஆனால் த்ரஸ்டுக்குப் பின்னால் கம்பெனிகள் இருந்தன, கம்ப்யூட்டர்கள் இருந்தன, ஏரோடைனமிக்ஸ் படித்த மேதைகள் இருந்தார்கள். நான் சொல்ல வந்த ஆசாமிக்கு இதெல்லாம் கிடையாது. த்ரஸ்டுக்கு 33 வருடம் முன்னால், கால்நடைத் தீவன மில்லுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில், ஸ்பானரும் வெல்டிங் கம்பியுமாக ஒரு ஜெட் காரைக் கட்டி உலக சாதனை செய்தவர் அவர். நம்மூரில் ஏன் அப்படி ஒருவர் வரவில்லை, அதற்குப் பதிலாக யார் வந்தார் என்பது விளங்க வேண்டுமானால், முதலில் அவர் கதையைப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் முன்னால், ஜெட் கார் என்றால் என்ன? சாதாரணக் காரில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் தரையை உதைக்கிறது, வண்டி ஓடுகிறது. ஜெட் காரில் சக்கரத்துக்கு அந்த வேலையே கிடையாது. ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் கையை விட்டால் என்ன ஆகும்? காற்று பின்னால் சீறும், பலூன் முன்னால் பறக்கும். அதேதான். முன்பக்கம் காற்றை உறிஞ்சி, சுழலும் தகடுகளால் அழுத்தி, எரிபொருளைத் தூவிக் கொளுத்தி, பின்பக்கம் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சுகிற போக்கில் அந்தக் காற்றே இன்னொரு சக்கரத்தைச் சுற்றி, முன்னால் இருக்கும் தகடுகளுக்கும் வேலை கொடுத்துவிட்டுப் போகும். எரிபொருள் என்ன தெரியுமா? ஒரு காலத்தில் ரேஷன் கடை வாசலில் கேனோடு க்யூவில் நின்று வாங்கினோமே, அந்த மண்ணெண்ணெயின் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட தம்பி.

இதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் இங்கிலாந்தின் ஃபிராங்க் விட்டில். 1930-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935-ல் புதுப்பிக்க 5 பவுண்டு கட்டணம் கட்ட வேண்டும். கையில் காசில்லை. அரசாங்கமும் கட்ட மறுத்துவிட்டது. காப்புரிமை காலாவதி! ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் தன் வழியில் முயன்று முந்திக்கொண்டார். 1939 ஆகஸ்ட் 27-ல் உலகின் முதல் ஜெட் விமானம் ஜெர்மனியில் பறந்தது. அடுத்த வாரம் இரண்டாம் உலகப்போர். விட்டிலின் விமானம் பறக்க 1941 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 5 பவுண்டை யாராவது கட்டியிருக்கலாம்.

போர் முடிந்தது. கொரியப் போரும் வந்து போனது. அமெரிக்காவில் ஜெட் இன்ஜின்கள் மலை மாதிரி குவிந்தன. புது மாடல் வந்ததும் பழையதைக் கழித்துக்கட்டி, ராணுவம் காயலான் கடைக்குத் தள்ளியது. இந்தக் காயலான் கடையில்தான் நம் கதாநாயகர் நுழைகிறார்.

ஆர்ட் ஆர்ஃபன்ஸ். 1926-ல் பிறந்தவர். ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் ஊர்க்காரர். குடும்பத் தொழில் தீவன மில். போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர். அண்ணன் வால்ட்டோடு சேர்ந்து பந்தயக் கார் கட்ட ஆரம்பித்தார். முதல் காருக்கு டிராக்டருக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்ட்டைப் பூசினார்கள். பார்க்க சகிக்கவில்லை. பந்தய அறிவிப்பாளர் அதைப் 'பச்சைப் பூதம்' என்று கிண்டலடிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கட்டிய அத்தனை காருக்கும் கிரீன் மான்ஸ்டர் என்றே பெயர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மியாமியில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் ஜே-79 என்ற ஜெனரல் எலெக்ட்ரிக் இன்ஜின் ஒன்று இருப்பது தெரியவந்தது. அப்போது அமெரிக்காவிடம் இருந்த மிகச் சிறந்த போர் விமான இன்ஜின் அது. ஏதோ ஒரு சாமான் உள்ளே உறிஞ்சப்பட்டு, தகடுகள் நொறுங்கி, தேறாது என்று கழிக்கப்பட்டது. விலை சுமார் 600 டாலர்.

காமர்ஸ் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் விலைதான் கண்ணில் படும். அன்று ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. ஆக, 2,850 ரூபாய்ச் சொச்சம். எட்டு டன் எடையைத் தூக்கக்கூடிய தள்ளுவிசை, அதுவும் மூவாயிரம் ரூபாய்க்குள்!

ரிப்பேர் கையேடு வேண்டுமென்று கம்பெனியிடம் கேட்டார். கொடுக்க முடியாது, ராணுவ ரகசியம் என்றார்கள். சரி போகட்டும் என்று மனுஷன் தானே பிரித்தார். நொறுங்கிய தகடு ஒவ்வொன்றையும் பிடுங்கினார். பிடுங்கினால் சுற்றும்போது ஒரு பக்கம் இழுக்குமே? அதற்காக எதிர்ப்பக்கத்தில் நன்றாக இருந்த தகடுகளையும் கணக்குப் பார்த்துப் பிடுங்கினார். சீலிங் ஃபேனில் ஒரு றெக்கை வளைந்தால் என்ன ஆட்டம் ஆடும் என்று நமக்குத் தெரியும். இது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுகிற சமாசாரம். ஒரு தகடு பிய்ந்தால் துப்பாக்கிக் குண்டு. பிறகு இன்ஜினை வீட்டுக் கொல்லையில் மரத்தோடு கட்டிப்போட்டு ஓட்டிப் பார்த்தார். அக்கம்பக்கத்துக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பழைய கார், லாரிகளின் பாகங்களை வைத்து இன்ஜினைச் சுற்றி ஒரு வண்டியைக் கட்டினார். வரைபடம் என்று உருப்படியாக எதுவும் கிடையாது. வண்டி மேலே எழும்பிவிடக் கூடாதே என்று முன்பக்கம் விமானத்தின் இறக்கை மாதிரி ஒன்றை, தரையை நோக்கி அழுத்தும்படி பொருத்தினார். டயர் மட்டும் ஓசி. ஃபயர்ஸ்டோன் கம்பெனி கொடுத்தது.

இந்த டயர் விஷயத்தில் ஒரு பங்காளிச் சண்டை இருக்கிறது. ஃபயர்ஸ்டோன், குட்இயர் இரண்டுமே ஆக்ரன் ஊர்க் கம்பெனிகள், ஜென்ம விரோதிகள். ஆர்ட்டும் வால்ட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அப்பா வேறு. கூட்டுத் தொழில் உடைந்து பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆனால் ஷெட்டுகள் மட்டும் அடுத்தடுத்து! வால்ட்டும் ஒரு ஜெட் கார் கட்டினார். அவருக்கு டயர் குட்இயர். மூன்றாவதாகக் கலிஃபோர்னியாவிலிருந்து கிரெய்க் பிரீட்லவ் என்ற இளைஞர். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர். கொரியப் போர் காலத்து இன்ஜினை வைத்து மூன்று சக்கர ஜெட் கார் கட்டி, 1963 ஆகஸ்டில் 655 கிலோமீட்டர் வேகம் போனார். கார் என்றால் நாலு சக்கரம் வேண்டும், அதுவும் இன்ஜின் சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்று கார் பந்தயச் சம்மேளனம் கைவிரித்துவிட்டது. மோட்டார் சைக்கிள் சம்மேளனம்தான் கூப்பிட்டுச் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஆபீஸ் என்றால் எல்லா நாட்டிலும் ஆபீஸ்தான்.

1964 அக்டோபர். இடம் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புச் சமவெளி. 2-ம் தேதி வால்ட்டின் கார் 665 கிலோமீட்டர். மூன்றே நாளில் தம்பி ஆர்ட் வந்து 698. அண்ணன் முகம் எப்படி இருந்திருக்கும்! 13-ம் தேதி பிரீட்லவ் 754. திருப்தியில்லாமல் 15-ம் தேதி 847. அன்று பாராசூட்டுகள் அறுந்து, பிரேக்கும் பிடிக்காமல், தந்திக் கம்பத்தை முறித்துக்கொண்டு உப்புத் தண்ணீர்க் குட்டையில் போய் விழுந்தது வண்டி. நீந்தி வெளியே வந்தார். 27-ம் தேதி ஆர்ட் திரும்பி வந்து 863. ஓட்டத்தின் முடிவில் பின் டயர் வெடித்தது. ஒரே மாதத்தில் ஐந்து தடவை சாதனை கைமாறியது அல்லது உயர்ந்தது. அடுத்த வருடம் நவம்பரில் மறுபடி பிரீட்லவ், மறுபடி ஆர்ட். 7-ம் தேதி ஆர்ட் 927-ஐத் தொட்டார். மறுபடி டயர் வெடித்தது. எட்டே நாளில் பிரீட்லவ் 966 போய்க் கதையை முடித்துவிட்டார்.

இங்கே ஒரு தகவல். ஆர்ட் 927 போனதற்கு இரண்டு மாதம் முன்பு, 1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் யுத்தம் நடந்தது. பாகிஸ்தான் பெருமையடித்துக்கொண்ட ஸ்டார்ஃபைட்டர் விமானத்தில் இருந்ததும் இதே ஜே-79 வகை இன்ஜின்தான். பஞ்சாபில் நம் தலைக்குமேல் உறுமியது, பான்வில்லில் ஒரு மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது.

ஆர்ட் விடுவதாக இல்லை. 1966 நவம்பர் 17. ஏறக்குறைய 980 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முன்சக்கர பேரிங் இறுகிவிட்டது. கார் சுக்குநூறாகி உப்புப் பரப்பில் நெடுந்தூரம் சிதறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷன் உயிரோடு இருக்கிறார், சில கீறல்களுடன். இதை ஒரு வீரக் கதையாகவே சொல்லி நிறுத்திவிடலாம்தான். ஆனால் 1971-ல் டல்லஸில் ஒரு காட்சி ஓட்டத்தில் அவருடைய இன்னொரு ஜெட் கார் கட்டுப்பாடு இழந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த டி.வி. நிருபர். மற்ற இருவர் மைதான ஊழியர்கள். ஆர்ட் பிழைத்தார். நெடுங்காலம் அந்தப் பக்கமே போகவில்லை. விமான இன்ஜினை டிராக்டரில் பூட்டி இழுவைப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தார். 2007 டிசம்பரில் இறந்தபோது கையில் ஸ்பானர்களை வைத்து, பக்கத்தில் ஜே-79 கையேட்டையும் பான்வில் உப்பு ஒரு ஜாடியையும் வைத்துப் புதைத்தார்கள். கேட்டுக் கிடைக்காத அந்தக் கையேடு எப்படியோ கடைசியில் கைக்கு வந்துவிட்டிருக்கிறது.

சரி, நம்மூருக்கு வருவோம்.

உப்புச் சமவெளி என்றதும் உங்களுக்கு மரக்காணம் ஞாபகம் வந்திருக்கும். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் வந்துவிடும். பரந்த உப்பளம். ஆனால் அதில் கார் ஓட்ட முடியாது. பான்வில் என்பது ஆதிகாலத்து ஏரி ஒன்று வற்றி, உப்பு சிமென்ட் மாதிரி இறுகிப்போன இடம். நம்முடையது களிமண் பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சி மனுஷன் உழைத்து உப்பு வாருகிற வயல். வேகத்தில் நமக்கு ஆசை இல்லாமலில்லை. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்தான் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். சிறுபாணாற்றுப்படையின் நாயகன், பாணர்களுக்குத் தேர் பரிசளித்தவன். திறமைக்கும் குறைவில்லை. இந்த ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்து லாரி ஷெட்டுகளில் டீசல் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

லாரி இன்ஜினில் டர்போ சார்ஜர் என்று ஒரு பாகம் உண்டு. வெளியேறும் புகையில் ஒரு சக்கரம் சுற்றும், அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். பார்த்தால் ஜெட் இன்ஜினின் முன்பாதியும் பின்பாதியும்தான். நடுவே ஓர் எரிகலனைச் சேர்த்துவிட்டால் குட்டி ஜெட். உலகம் முழுக்க வீட்டிலேயே ஜெட் கட்டுகிறவர்கள் இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள். (தயவுசெய்து யாரும் முயல வேண்டாம். நிமிஷத்துக்கு லட்சம் சுற்று சுற்றக்கூடிய சாமான் அது. பக்கத்தில் நிற்பதும் தப்பு.) ஆனால் அதை வைத்து ஒரு கோ-கார்ட்டை ஓட்டலாம், சாதனை செய்ய முடியாது. அதற்கு நிஜமான விமான இன்ஜின் வேண்டும்.

அது நம் காயலான் கடைக்கு வந்ததே இல்லை. நாட் விமானத்துக்கான ஆர்ஃபியஸ் இன்ஜினை லைசென்ஸ் வாங்கி பெங்களூரில் ஹெச்.ஏ.எல். தயாரித்தது. மிக் விமான இன்ஜின்களுக்கு ஒரிசாவின் கோராபுட்டில் தொழிற்சாலை. எல்லாம் அரசாங்கத்தின் இரும்புக் கதவுகளுக்கு உள்ளே. நாமே சொந்தமாக ஒரு ஜெட் இன்ஜின் செய்வோம் என்று எண்பதுகளில் திட்டம் போட்டு, 'காவேரி' என்று பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்த ராசியோ என்னவோ, எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை! 2001 ஜனவரியில் நமது தேஜஸ் போர் விமானத்தின் முன்மாதிரி முதன்முதலாகப் பறந்தபோது, அதில் இருந்தது ஜெனரல் எலெக்ட்ரிக் இன்ஜின். ஆர்ட்டுக்குக் கையேடு தர மறுத்த அதே கம்பெனி.

ஆனால் போர் நமக்கும் ஒரு மிச்சத்தை விட்டுவிட்டுப் போனது. இன்ஜின் அல்ல, ஓடுபாதை.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. அடுத்தது மெட்ராஸ்தான் என்று பீதி. ஊரே காலியானது. அந்த யுத்த காலத்தில் தமிழ்நாட்டில் அங்கங்கே விமான ஓடுதளங்கள் முளைத்தன. கயத்தாறு, செட்டிநாடு, மெட்ராஸுக்கு வடக்கே சோழவரம், விழுப்புரத்துக்குத் தெற்கே உளுந்தூர்பேட்டை. போர் முடிந்ததும் இவற்றை என்ன செய்வது? இங்கிலாந்திலும் இதே கேள்வி வந்தது. அங்கே சில்வர்ஸ்டோன் என்ற குண்டுவீச்சு விமானத் தளத்தில் 1948-ல் கார் பந்தயம் நடத்தினார்கள். இன்று ஃபார்முலா ஒன் ரசிகர்களுக்கு அது கோயில். நம் சில்வர்ஸ்டோன் சோழவரம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தி, ஊரையே கட்டி இழுத்தது. எண்பதுகளின் இறுதிவரை கொடிகட்டிப் பறந்து, 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. உளுந்தூர்பேட்டை ஓடுதளத்துக்கு அப்படி ஒரு யோகம் அடிக்கவில்லை. அது 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது, பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போனது. பட்டணத்துப் பணமும் கிளப்பும் பக்கத்தில் இருந்ததால் சோழவரம் பிழைத்தது. அதே கான்க்ரீட் நூற்றுச் சொச்சம் மைல் தெற்கே தள்ளி இருந்தால் வெறும் கான்க்ரீட்.

சோழவரத்தில் என்ன ஓடியது? பணம் படைத்த சிலர் வெளிநாட்டுக் கார் கொண்டுவந்தார்கள். விஜய் மல்லையா எண்பதுகளின் தொடக்கத்தில் என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையே இறக்கி ஓட்டினார். மற்றவர்களுக்கு? இறக்குமதி லைசென்ஸ் கிடையாது, அந்நியச் செலாவணி கிடையாது, சுங்கவரி தலைக்குமேல். ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும்தான் கதி. அமெரிக்காவில் காயலான் கடையில் போர் விமானம் கிடந்தது. நம் காயலான் கடையில் ஃபியட் கிடந்தது. ஆர்ட்டுக்கும் நம்மூர் மெக்கானிக்குக்கும் இருந்த வித்தியாசம் மூளையில் இல்லை, குப்பையில் இருந்தது என்பது என் கட்சி.

இந்தக் குப்பையிலிருந்து உருப்படியாக ஒன்றைச் செய்து காட்டியவர் கோயம்புத்தூர் கரிவர்தன். லக்ஷ்மி மில்ஸ் குடும்பம். நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டியிருக்கலாம். அவருக்குத் தானே கட்ட வேண்டும். சோழவரத்துக்காகத் தன் பட்டறையில் கார் கட்டினார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைசக்திகூடக் கிடையாது. நாமெல்லாம் அதில் குடும்பத்தோடு திருப்பதி போனோம். கரிவர்தன் அந்த இன்ஜினைக் கழற்றி, இரும்புக் குழாய்களை வெல்டு செய்த சட்டத்தில் வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் திறந்த சக்கரப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி. ஒன்றைச் செய்து தான் மட்டும் ஜெயித்துவிட்டுப் போகவில்லை. ஒரே மாதிரி பல கார்களைச் செய்தார். எல்லாருக்கும் ஒரே சட்டம், ஒரே இன்ஜின். அப்பா பணக்காரரா என்பது பாதையில் எடுபடாது. உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

ஆர்ட் கட்டியது ஒரே ஒரு மனிதன் ஓட்டக்கூடிய பூதம். கரிவர்தன் கட்டியது ஒரு பள்ளிக்கூடம். எனக்கு இரண்டாவதுதான் பெரிய காரியமாகப் படுகிறது. இன்று ஈ.சி.ஆர். ரோட்டில் ராத்திரி பைக் ரேஸ் விட்டு, மகாபலிபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் மண்டை உடைந்து சாகிற பையன்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். போலீஸ் பைக்கைப் பிடுங்குகிறது, வீட்டில் அழுகிறார்கள், அடுத்த வாரம் வேறு பையன். அவர்களுக்குக் கையில் கிடைப்பது 200 சி.சி. வண்டி, ஓட்டக் கிடைப்பது பொது ரோடு. பாதுகாப்பாக ஓட்ட ஒரு பாதையும், கட்டுப்படியாகிற ஒரு காரும் இருந்தால் எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை. நாலு பேராவது திரும்புவார்கள்.

1990-களின் தொடக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியில் ஏறிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர். அப்பா ராலி ஓட்டியவர். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் காரில் ஏறி, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. கார் போதாதென்று விமானத்தின் மேலும் ஆசை வைத்திருந்தார். 1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் இறந்துபோனார். எட்டு வருடம் கழித்து கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்தார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே. அவர் வடிவமைத்த ஃபார்முலா மாருதிகள் அவர் போன பிறகும் வெகுகாலம் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மாருதி 800 தயாரிப்பையே 2014-ல் கம்பெனி நிறுத்திவிட்டது.